பழைய ஜிப்ஸிக்குப் பாடி லிஃப்ட்: கிட் தேடுவது முதல் கடைசி போல்ட் வரை

மாருதியின் பழைய ஜிப்ஸி வாங்கியவர் முதலில் மாற்றுவது டயரைத்தான். பெரிய டயராகப் பார்த்து மாட்டி, வாசலிலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்ப்பார். மட்கார்டு ஓரத்தில் ‘சர்க், சர்க்’ என்று உரசும். பக்கத்தில் நிற்கிறவர் யாராவது, “பாடியைக் கொஞ்சம் தூக்கிடுங்க, சரியாப் போயிடும்” என்பார். சொல்வது ஒரு வரி. செய்யும்போது அது இரண்டு மூன்று நாள் வேலை. கவனமாகச் செய்யாவிட்டால் ஸ்டியரிங்கிலோ பிரேக்கிலோ கொண்டுபோய் விடும் வேலை. முதல் முறையாக இதில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1998 மாடல் ஜிப்ஸி கிங். அதற்கு 25 மி.மீ. பாடி லிஃப்ட்டை நானும் என் நண்பரும் சேர்ந்து, என் வீட்டு ஷெட்டிலேயே போட்டோம். இங்கே சொல்வதெல்லாம் ஜிப்ஸியை வைத்துத்தான். பழைய பொலேரோ, டாடா சுமோ, குவாலிஸ் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

எது உயரும், எது உயராது

ஜிப்ஸி இரண்டு பெரிய துண்டுகளால் ஆன வண்டி. கீழே ஏணி மாதிரி ஒரு சேசிஸ். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங் எல்லாம் அதோடு சேர்ந்தவை. அதன்மேல் பாடி உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் தொடும் இடங்களில் ரப்பர் புஷ் இருக்கும், அதன் நடுவே ஒரு போல்ட் போகும். அந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரே உயரமுள்ள வட்டக் கட்டை ஒன்றைச் சொருகி, அதற்கேற்ற நீளமான போல்ட் போட்டு இறுக்குவதுதான் பாடி லிஃப்ட். அந்தக் கட்டையை ஸ்பேசர் என்பார்கள்.

இதனால் பாடி மட்டுமே உயரும். ஜிப்ஸியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 210 மி.மீ. என்றால், லிஃப்ட் போட்ட பிறகும் அது 210-தான். ஏனென்றால் அந்த அளவை முடிவு செய்வது ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல். அது சக்கரத்தோடு சேர்ந்தது. அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 205/70 ஆர் 15 டயரின் மொத்த உயரம் 668 மி.மீ. 235/75 ஆர் 15 டயர் ஏறக்குறைய 733 மி.மீ. வித்தியாசம் 65, அதில் பாதி ஆக்ஸிலுக்குக் கீழே கிடைக்கும். ஆக, சுமார் 32 மி.மீ. கூடுதல் கிளியரன்ஸ் தருவது டயர். அந்த டயர் உரசாமல் சுற்ற மேலே இடம் ஒதுக்கித் தருவது பாடி லிஃப்ட். இந்த ஒரு விஷயம் மனதில் பதியாமல் கிட் வாங்கிவிட்டு, “பாறையில இன்னும் அடி வாங்குதே” என்று வருத்தப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. சஸ்பென்ஷனைத் தூக்கினால், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், ஓட்டும் தன்மையும் மாறும். பாடி லிஃப்ட்டில் ஸ்பிரிங்கையோ ஷாஃப்ட்டையோ தொடுவதே இல்லை. கெட்ட பக்கமும் உண்டு. பாடியின் எடை, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எடை எல்லாம் மேலே போகிறது. ஜிப்ஸி அகலம் குறைந்த, உயரமான வண்டி. பக்கவாட்டுச் சரிவில் ஏற்கெனவே பயமுறுத்தும். அதனால் புதியவர்கள் 25 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. 50 மி.மீ. போடலாம், ஆனால் கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் இரண்டு மடங்கு சிக்கலாகும். 75 மி.மீ. கிட் விற்பனைக்குக் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்க வேண்டாம்.

சேசிஸும் பாடியும் ஒரே கூடாக வரும் வண்டிகளில் இந்த வேலைக்கே இடமில்லை. டஸ்டர், ஈக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைத் தேடி அலைய வேண்டாம். சந்தேகம் இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்னிருந்து பின்வரை தனியாக இரண்டு இரும்புத் தண்டவாளம் மாதிரி ஓடி, அதற்கும் தரைத் தகட்டுக்கும் நடுவே ரப்பர் தெரிந்தால் சரி.

சட்டத்தை முதலில் பேசிவிடுவோம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று பிரிவு 182ஏ-வில் சேர்த்தார்கள். அதற்கு மேல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இதைக் காட்டியே பணம் தர மறுக்கலாம்.

தனியார் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. பழைய ஜிப்ஸி என்றாலே இந்தக் கட்டத்தில் இருக்கும் வண்டிதான். ஆகவே ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால், ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். என் வண்டி எஸ்டேட் வேலைக்கும், தனியார் இடத்தில் நடக்கும் ஆஃப்ரோடு போட்டிக்கும் மட்டும்தான். போட்டிக்கு டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். அப்படியிருந்தும் நான் வைத்துக்கொண்ட ஒரு விதி: எதையும் அறுக்கக் கூடாது, எதையும் வெல்டிங் வைக்கக் கூடாது. ஒரே நாளில் பழைய நிலைக்குத் திருப்பும்படி இருக்க வேண்டும். கிட் தேர்விலிருந்து கடைசி வேலைவரை இந்த விதிதான் எனக்கு வழி காட்டியது.

அடியில் படுத்து ஒரு படம் வரையுங்கள்

கிட் தேடும் முன் செய்ய வேண்டியது இது. ஒரு அட்டையில் சேசிஸை வரைந்துகொள்ளுங்கள். பாடி மவுண்ட் ஒவ்வொன்றையும் எண்ணி, முன்னிருந்து பின்னாக நம்பர் போடுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே எழுத வேண்டியவை: போல்ட் மேலிருந்து இறங்குகிறதா, கீழிருந்து ஏறுகிறதா, நட்டு தனியாக இருக்கிறதா, பாடியிலேயே பற்றவைத்ததா, ரப்பர் மேலே மட்டுமா, கீழேயும் உண்டா, இடையில் தகடு ஏதாவது சொருகியிருக்கிறதா. பழைய வண்டியில் மவுண்டுக்கு மவுண்டு இது மாறும். முந்தைய உரிமையாளரின் மெக்கானிக் ஒரு மூலையில் இரண்டு வாஷர் கூடுதலாகப் போட்டிருப்பார். அதைத் தெரியாமல் எடுத்துவிட்டால் கதவு சரியாகச் சாத்தாது.

அதே சமயம் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மவுண்டைச் சுற்றியுள்ள தகட்டைக் குத்திப் பாருங்கள். கணீர் என்று சத்தம் வந்தால் நல்ல தகடு. பொதபொத என்று உள்ளே இறங்கினால், அல்லது துரு செதில் செதிலாக உதிர்ந்தால், லிஃப்ட்டை மறந்துவிட்டு முதலில் தகடு வேலையைப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் பின்பக்க மவுண்டுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ரப்பரையும் பாருங்கள். இருபது வருடம் எடை தாங்கிய ரப்பர் சப்பிப்போய், ஓரம் வெடித்து, எண்ணெய் பட்டு ஊறியிருக்கும். அதன்மேல் ஸ்பேசர் வைப்பது, அஸ்திவாரம் ஆடும் வீட்டுக்கு மாடி கட்டுவது போல. முழு செட்டையும் புதிதாக வாங்கிப் போடுங்கள். ஸ்பேசர் ரப்பருக்குப் பதில் இல்லை. ரப்பரோடு சேர்ந்து உட்கார வேண்டியது.

கிட் எங்கே கிடைக்கும்

மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, வெளிநாட்டு ரெடிமேட் கிட். ஜிப்ஸி என்பது சுசுகியின் எஸ்.ஜே. குடும்பத்து வண்டி, அமெரிக்காவில் இதன் அண்ணன் தம்பிதான் சாமுராய். அதற்குப் பல ஆண்டுகளாக லிஃப்ட் கிட் செய்து விற்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாமுராயின் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,030 மி.மீ., ஜிப்ஸியினது 2,375 மி.மீ. நீளம் கூடிய வண்டிக்கு அந்த கிட்டில் உள்ள ஸ்பேசர் எண்ணிக்கை போதுமா, போல்ட் நீளம் பொருந்துமா என்பதை நீங்கள் வரைந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். ஸ்டியரிங் ஷாஃப்ட்டுக்கு நீட்டிப்பு, ரேடியேட்டரை இறக்கும் பிராக்கெட், கியர் ராடுக்கு வேண்டிய துண்டு இவை கிட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வட்டக் கட்டை மட்டும் அனுப்பிவிட்டு கிட் என்று பெயர் வைப்பவர்களும் உண்டு.

இரண்டாவது, நம் ஊர் ஆஃப்ரோடு கடைகள். இங்கே ஜிப்ஸியைக் கையால் தொட்டவர்கள் இருப்பார்கள் என்பது பெரிய பலம். ஸ்பேசரை வாங்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள். இரும்புப் பைப்பை வெட்டி இரண்டு பக்கமும் வாஷர் பற்றவைத்தது என்றால் வேண்டாம். வெல்டிங் ஓரத்தில் தண்ணீர் தேங்கித் துரு ஏறும், ஓட்ட ஓட்ட வெடிக்கும். மரக்கட்டை வேண்டவே வேண்டாம். ரப்பர் துண்டுகளை அடுக்கி ஒட்டியதும் வேண்டாம். இறுக்க இறுக்க நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் எப்போதும் தளர்வாகவே இருக்கும்.

மூன்றாவது, லேத் பட்டறை. நான் இந்த வழியில்தான் போனேன். கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நைலான் ராடு அல்லது அலுமினியம் ராடு வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒரே நாளில் கடைந்து தந்துவிடுவார்கள். நான் அலுமினியம் எடுத்தேன். நைலான் ஈரத்தை உறிஞ்சும், எங்கள் பக்கம் மழைக்காலம் நீளம். அலுமினியம் இரும்போடு நேராக உரசிக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அரிக்கும், அதனால் கடைந்த பிறகு நல்ல பிரைமர் அடித்துப் பெயிண்ட் பூசினேன்.

லேத்காரரிடம் சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வெளி விட்டம் ரப்பர் புஷ்ஷின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. ஓட்டை போல்ட்டைவிட அரை மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக ஃபேசிங் அடித்திருக்க வேண்டும். எல்லாத் துண்டும் ஒரே உயரம். வெர்னியர் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். எங்களுக்குக் கடைந்துகொடுத்த பெரியவர் எல்லாவற்றையும் கண்ணாடிமேல் வரிசையாக நிறுத்தி, மேலே ஒரு ஸ்கேலை வைத்து, வெளிச்சம் எங்கே கசிகிறது என்று குனிந்து பார்த்தார். இரண்டு துண்டைத் திரும்ப லேத்தில் மாட்டினார். அந்தப் பார்வை உள்ளவரிடம் வேலை கொடுங்கள்.

போல்ட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய போல்ட்டின் நீளத்தோடு லிஃப்ட் உயரத்தைக் கூட்டினால் புதிய நீளம்; அது சுலபம். மரைதான் சிக்கல். ஜப்பான் வண்டிகளில் 10 மி.மீ. போல்ட்டுக்கு 1.25 மி.மீ. இடைவெளி மரை வழக்கம்; ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. கேட்டால் சாதாரணமாக எடுத்துத் தருவது 1.5. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும், வலுவாகத் திருகினால் பாடியில் இருக்கும் நட்டின் மரை போய்விடும். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், புதியதோடு மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். தலையில் 8.8 என்று பொறித்த ஹைடென்ஷன் போல்ட்தான் வேண்டும். இரண்டு கூடுதலாக வாங்குங்கள்.

ரப்பர் செட், ஸ்டியரிங் ஜாயின்ட், ரேடியேட்டர் பிராக்கெட் போன்ற சின்னச் சின்ன சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் நடந்தால் கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

எல்லை தாண்டும் பொருட்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். ஸ்பேசர் சொருகுவது அரை நாள் வேலை. சேசிஸில் ஒரு முனையும் பாடியில் ஒரு முனையுமாக இருக்கும் பொருட்கள் ஒவ்வொன்றும் 25 மி.மீ. இழுபடப்போகிறது, அவற்றைக் கண்டுபிடித்துச் சரி செய்வதுதான் மிச்ச வேலை முழுவதும். உங்கள் அட்டையின் பின்பக்கம் இவற்றின் பட்டியலை எழுதுங்கள்.

ஸ்டியரிங் முதலில். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில், ஸ்டியரிங் காலம் பாடியில். நடுவே ஒரு ஷாஃப்ட். அது சாய்வாக இருப்பதால் பாடி 25 மி.மீ. ஏறினாலும் ஷாஃப்ட் முழு 25 நீள வேண்டியதில்லை, அதைவிடக் குறைவு போதும். ஆனாலும் பல்வரிசை சேரும் இடத்தில் ஷாஃப்ட் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதைத் தூக்கும் முன்னே பெயிண்டால் குறித்து வையுங்கள். தூக்கிய பிறகு குறுக்கே போகும் பின்ச் போல்ட், ஷாஃப்ட்டில் அதற்கென வெட்டிய பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பள்ளத்தை விட்டு விலகி நின்றால், இறுக்கமாகத் தோன்றினாலும் ஒரு நாள் உருவிக்கொள்ளும். அப்படி விலகினால் அதற்கென்று செய்த நீட்டிப்புத் துண்டு வாங்கியே ஆக வேண்டும். ஷாஃப்ட்டை அறுத்து நடுவில் ராடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்து பிரேக். மாஸ்டர் சிலிண்டர் பாடியில், பைப்புகள் இறங்கிப் போவது சேசிஸுக்கு. இடையில் இருக்கும் வளைவுகளைக் கையாலேயே மெல்ல விரித்தால் 25 மி.மீ. பெரும்பாலும் கிடைத்துவிடும். பைப் விறைப்பாக, தந்தி போல நின்றால் அது ஆபத்து. நீளமான பைப் செய்து, முனையை விரித்து ஃபிளேர் அடித்துப் போடுங்கள்.

ரேடியேட்டர் உங்கள் வண்டியில் எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பாடியின் முன் சட்டத்தில் என்றால் அது பாடியோடு ஏறும், ஆனால் ஃபேன் இன்ஜினோடு கீழேயே நிற்கும். ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டின் கீழ் விளிம்பு ஃபேன் இறகை நெருங்கி வந்துவிடும். விரல் நுழையும் இடைவெளியாவது சுற்றிலும் இருக்க வேண்டும். லிஃப்ட் அளவுக்கு ரேடியேட்டரைக் கீழிறக்கும் பிராக்கெட் போடுவதே சரியான தீர்வு. கூட்டை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மேட்டில் மெதுவாக ஏறும்போது இன்ஜின் சூடாகும்.

கியர் ராடும் டிரான்ஸ்ஃபர் ராடும் பாடியின் தரை ஓட்டை வழியே வருகின்றன. தரை ஏறியதும் ராடு உள்வாங்கியது போல் ஆகி, ஓட்டையின் விளிம்பில் இடிக்கும். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக சேசிஸில் தொங்குவது என்பதால் இரண்டு ராடையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் இடிக்காது. இரண்டாவதும் நான்காவதும் போட்டுப் பாருங்கள், 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியர்) போட்டுப் பாருங்கள். பாதி விழுந்து நிற்கும் கியர்தான் மேட்டில் கழன்று வரும்.

கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட்பிரேக், பெட்ரோல் ஊற்றும் ஹோஸ், அதன் பக்கத்துக் காற்றுக் குழாய், ஹீட்டர் ஹோஸ், வயரிங் கட்டு. இவற்றின் கிளிப்புகளைக் கழற்றித் தளர்வாக விட்டால் பெரும்பாலும் போதும். பெட்ரோல் ஹோஸை மட்டும் நன்றாகப் பாருங்கள். பழைய ரப்பர் என்றால் இழுத்ததும் வெடிக்கும், வெடிப்பு கிளாம்புக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக எர்த் வயர். இதை நான் சாதாரணமாக நினைத்தேன். லிஃப்ட் முடிந்த அன்று மாலை சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. திரும்ப அடித்தேன். பிளாஸ்டிக் கருகும் வாடை. பானெட்டைத் திறந்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் கறுப்பு உறை ஓரிடத்தில் இளகி, உள்ளே இருக்கும் சுருள் கம்பி பளபளவென்று தெரிந்தது. நடந்தது இதுதான்: என் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் பாடிக்குத்தான் போயிருந்தது. பாடியிலிருந்து இன்ஜினுக்கு வரும் பின்னல் எர்த் பட்டை, பாடி ஏறியபோது இழுபட்டு, முனையில் இருக்கும் லக்கிலிருந்து பிய்ந்துவிட்டது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருப்பதால் மின்சாரத்துக்குத் திரும்ப வேறு வழியில்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை கரண்டும் அந்தச் சின்ன கேபிள் வழியாக ஓடியிருக்கிறது. பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். எர்த் பட்டையைப் புதிதாக, நீளமாகச் செய்து போட்டுவிட்டுத்தான் பாடியைத் தூக்க வேண்டும். இன்ஜினுக்கும் பாடிக்கும் ஒன்று, சேசிஸுக்கும் பாடிக்கும் ஒன்று.

தூக்கும் நாள்

மூன்று நாளைக்கு முன்பே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடிக்க ஆரம்பியுங்கள், காலையும் மாலையும். பாடியில் பற்றவைத்த நட்டுதான் பயம். துருப்பிடித்த போல்ட்டை அவசரத்தில் திருகினால் வெல்டிங் விட்டு நட்டும் சேர்ந்து சுற்றும், பிறகு தரைத் தகட்டை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். நீண்ட கைப்பிடி ஸ்பேனரால், முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு. ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் துருவின் பிடி விட்டது என்று அர்த்தம். பிறகு அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, ஸ்ப்ரே அடித்து, இப்படியே வாங்குங்கள். கேஸ் விளக்கால் சூடு பண்ணுவது பெட்ரோல் டேங்க் பக்கம் கூடவே கூடாது.

வேலை நாளன்று வண்டி சமதரையில், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பேட்டரி கழற்றி இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள எல்லா இணைப்புகளையும் தளர்த்தியாயிற்றா என்று இருவர் தனித்தனியாகச் சரிபாருங்கள். முன் பம்பர் சேசிஸில் இருந்தாலும் பாடியோடு சேரும் இடங்களை விடுவியுங்கள்.

ஒரு பக்கம் முழுக்க போல்ட்டுகளை எடுங்கள். எதிர்ப்பக்கத்துப் போல்ட்டுகளை எடுக்காமல் தளர்த்தி மட்டும் விடுங்கள்; பாடி நழுவாமல் பிடித்துக்கொள்பவை அவைதான். பாடியின் பக்கவாட்டு அடிச்சட்டத்துக்குக் கீழே, இரண்டடி நீளத் தடித்த பலகை வைத்து, அதன்மேல் ஜாக்கியால் தாங்குங்கள். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக வைத்தால் தகடு குழியும். ஒரு தடவைக்கு ஒரு விரல் கனம் தூக்குங்கள். நிறுத்துங்கள். சுற்றி வந்து ஒவ்வொரு கேபிளையும் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், எது விறைக்கிறது என்று. திரும்பத் தூக்குங்கள். எங்களுக்கு இந்தச் சுற்றில்தான் ஒரு வயரிங் கிளிப் விட்டுப்போனது தெரிந்தது.

ஸ்பேசர் நுழையும் உயரம் வந்ததும், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இரண்டு மூன்று இடங்களில் மரக்கட்டைகளை முட்டாக வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அந்த இடைவெளிக்குள் விரலை விடக் கூடாது. ஜாக்கி நழுவினால் விரல் இருக்காது. ஸ்பேசர்களை நீளமான குறடால் தள்ளி வைத்து, புதிய ரப்பர், வாஷர் வரிசையை உங்கள் படத்தோடு ஒப்பிட்டு, புதிய போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஐந்தாறு மரை ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் கோணம் தப்பு அல்லது மரை தப்பு, ஸ்பேனர் போடாதீர்கள். ஒரு பக்கம் எல்லாம் ஏறிய பிறகு முட்டுகளை எடுத்து, மெல்ல இறக்கி, அடுத்த பக்கம் போங்கள்.

எல்லா போல்ட்டும் உள்ளே வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி, முனைகளை நோக்கி. ரப்பர் லேசாகப் பிதுங்கும் அளவு போதும், அடித்து நசுக்க வேண்டாம். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் போல்ட்டுக்கான டார்க் (இறுக்கும் பலம்) அளவு இருக்கும், டார்க் ரென்ச்சை வாடகைக்கு எடுத்தாவது அதன்படி இறுக்குங்கள்.

கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு சாத்தியதுபோலச் சாத்தினால் பாடி முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணும் முன்னும் பின்னும்

ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மூன்று முறை திருப்புங்கள். ஒருவர் கீழே ஷாஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிரேக் பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், பைப் ஜாயின்ட்டுகளில் ஈரம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் சூடான பிறகும் கேளுங்கள். எல்லா கியரும், டிரான்ஸ்ஃபர் ராடின் 2எச் (இரண்டு சக்கர இழுவை), 4எச் (நான்கு சக்கர இழுவை, ஹை கியர்), 4எல் எல்லாம் நின்ற இடத்திலேயே விழ வேண்டும்.

டயர் உரசலை சமதரையில் பார்த்துப் பயனில்லை. ஒரு முன் சக்கரத்தை மேட்டிலும் எதிர்மூலைப் பின் சக்கரத்தை மேட்டிலும் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை ஒடித்துப் பாருங்கள். என் வண்டியில் 235 டயர் அந்த நிலையில் முன் பம்பரின் உள்மூலையைத் தொட்டது. பம்பர் சேசிஸோடு இருப்பதால் லிஃப்ட் அதற்கு உதவாது. ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டைச் சற்று நீட்டித் திருப்பத்தைக் குறைத்தேன்.

ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துத் தாழ்த்துங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா பாடி போல்ட்டையும் திரும்ப இறுக்குங்கள். புது ரப்பர் உட்காரும், ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏறும். 500-ல் இன்னொரு முறை. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்து சேசிஸ்வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், எது திரும்பியிருக்கிறது என்பது டார்ச் அடித்ததும் தெரிந்துவிடும்.

பழைய போல்ட்டுகளை எறியாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, படத்தில் போட்ட அதே நம்பரைச் சீட்டில் எழுதிக் கட்டி, அந்த அட்டையோடு சேர்த்து ஒரு டப்பாவில் வையுங்கள். என்னுடையது ஷெட்டின் பரண்மேல், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.